நீல விளக்கும் ஆறு புதன்கிழமைகளும்

ஹவ்பான்
2 பிப்ரவரி 2019, சனி இரவு

அன்புள்ள இல்ஹாம் அண்ணிக்கு,

இதை யாருக்கும் காட்டாதீர்கள். உங்கள் வாப்பாவுக்கும் வேண்டாம், தங்கைகளுக்கும் வேண்டாம். படித்து முடித்ததும் ரொட்டி அடுப்பில் போட்டுவிடுங்கள். நான் உங்களுக்கு எழுதுகிறேன் என்று அண்ணனுக்குத் தெரிந்தால் என் பள்ளிக்கூடப் பை அன்றைக்கே பரணுக்குப் போய்விடும். அதோடு நின்றால் நல்லது.

போர்வைக்குள் இருந்துதான் எழுதுகிறேன். சோலார் விளக்கின்மேல் உங்கள் பழைய தலைத்துணியைச் சுற்றியிருக்கிறேன், வெளிச்சம் கதவுக்கு அடியில் போகாமலிருக்க. எழுத்து கோணலாக இருந்தால் மன்னியுங்கள். வேன் ஓட்டும் ஹமூதின் மனைவி திக்ரா அக்கா எங்கள் பள்ளிக்கு எதிரே இருக்கிறார் இல்லையா? அவர்தான் இதைச் சீரகப் பொட்டலத்துக்குள் வைத்து அனுப்புவதாகச் சொன்னார். நீங்களும் அவர் கணவரிடமே கொடுத்தனுப்பலாம். வேறு வழியில்லை. உங்கள் போன் இன்னும் அண்ணனிடம்தான் இருக்கிறது.

நீங்கள் போய்ப் பதினான்கு நாள் ஆகிவிட்டது. கண்ணுக்கெதிரே நிற்கிற மலைதான் உங்கள் ஊர். நடுவில் சண்டைக் கோடு வருவதற்கு முன்னால் காலையில் போய் மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடுவோமே! இப்போது ஏழு மணி நேரம், அத்தனை சோதனைச் சாவடி. அதற்கு நீங்கள் வேறு நாட்டில் இருந்திருந்தால்கூட மனசு சமாதானமாகியிருக்கும்.

வீட்டில் யாரும் சிரிப்பதில்லை. உம்மா சமைக்கிறார், ஆனால் உப்பு பார்க்கச் சொல்லி யாரையும் கூப்பிடுவதில்லை. நான் அரைத்த பச்சைமிளகாய்த் துவையலை அண்ணன் ஒரு வாய் வைத்துவிட்டுத் தள்ளிவிட்டார். "இது அவ கைப்பக்குவம் இல்லை" என்று வாய்வரை வந்ததை விழுங்கினார். எனக்குத் தெரிந்தது.

அந்த வெள்ளிக்கிழமையைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை. ஆனால் எல்லாரும் அதற்குள்ளேயேதான் இருக்கிறோம். ஆண்கள் அறையில் ஆறு பேர் காத் இலை மென்றுகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நீங்களும் உம்மாவும் சுவருக்கு இந்தப் பக்கம். அண்ணனின் போனிலிருந்து பெரிய ஸ்பீக்கர்களில் ஊத் வாத்திய இசை போய்க்கொண்டிருந்தது, நின்றது. அதே ஸ்பீக்கர்களில் உங்கள் குரல் வந்தது. இருபது வினாடி. உங்கள் முகத்தை நான் அப்போது பார்க்கவில்லை. உம்மா சொன்னார், கையில் இருந்த தேநீர் கிளாஸை நீங்கள் கீழே வைக்கவேயில்லை, சூடு தெரியாமல் பிடித்துக்கொண்டே இருந்தீர்கள் என்று.

அந்த ஆறு பேரில் ஒருவனுடைய போனில்தான் உங்கள் பாட்டு இருக்கிறது என்று அண்ணன் முடிவு கட்டிவிட்டார். பாட்டின் வரிதான் இன்னும் மோசம். "போனவனே, உன் சட்டை வாசம் இன்னும் கொடியில் காயுது" என்று பாடினீர்கள். அண்ணன் உம்மாவிடம் கத்தினார்:

"நான் எங்கயும் போகலையே! இங்கதானே குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கேன்! அப்போ போனவன் யாரு?"

"டேய், அது மலைக்காரப் பொம்பளைங்க புல் அறுக்கும்போது பாடுறதுடா. அவளுக்கு நினைவு தெரியறதுக்கு முன்னாடியே இருக்கு" என்றார் உம்மா. அண்ணன் கேட்கவில்லை.

இப்போது அவர் என்ன செய்கிறார் தெரியுமா? புதன்கிழமைக்கு ஒருவராக அந்த ஆறு பேரையும் தனித்தனியாக விருந்துக்குக் கூப்பிடுகிறார். காத் வாங்கி வைக்கிறார். ஆம்ப்ளிஃபயரைப் போட்டுவிட்டு, தன் போனை அணைத்துவிட்டு, அதன் நீல விளக்கு மின்னுவதையே பார்த்துக்கொண்டிருக்கிறார். வந்தவர் போனோடு அது தானாகச் சேர்ந்து பாட்டு வருகிறதா என்று. மூலையில் எப்போதும் சாத்தியிருக்கும் துப்பாக்கி புதன்கிழமைகளில் அவர் முழங்காலுக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது.

முதல் புதன் பல் டாக்டர் முஅம்மர் வந்தார். "உன் போனை இதுல சேர்த்துப் பாடவிடேன்" என்றார் அண்ணன். "என்னப்பா அப்துல்கவி, காத் கொடுத்துக் கூப்பிட்டுட்டு என் போன்லயா கச்சேரி கேட்குற? அதுல என் மாமியா திட்டின வாய்ஸ் மெசேஜ் மட்டும்தான் இருக்கு. போடவா?" என்றார் அவர். அண்ணன் சிரிக்கவில்லை. இரண்டாவது புதனும் ஒன்றும் வரவில்லை. இன்னும் நான்கு பேர். கடைசி ஆள் நஷ்வான். உங்கள் மாமா மகன், முன்பு உங்களைப் பெண் கேட்டவர், அதனால் அண்ணனின் சந்தேகமெல்லாம் அவர்மேல்தான். அவர் இப்ப் நகரில் வேலையாக இருக்கிறார், மாதக் கடைசியில்தான் வருவார்.

"பிப்ரவரி இருபத்தேழு புதன். அதுக்குள்ள பேரு தெரியணும். தெரிஞ்சாலும் தெரியாட்டியும் வியாழக்கிழமை பத்திரம் எழுதற அமீன்கிட்டப் போய் தலாக் எழுதிடுவேன்" என்று உம்மாவிடம் சொல்லிவிட்டார்.

அண்ணி, உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். இந்தக் கடிதத்தில் முடியவில்லை. மூன்று முறை எழுதி அடித்துவிட்டேன்.

நீங்கள் கோபித்துக்கொண்டு தாய்வீட்டுக்குப் போனீர்கள். வழக்கப்படி அண்ணன்தான் கிடாயும் புதுத்துணியுமாக வந்து அழைக்க வேண்டும். அவர் வரமாட்டார் போலிருக்கிறது. வேறு எந்த வகையிலாவது நீங்கள் வரமுடியுமா?

உங்கள்
விஜ்தான்

•

ஸப்ர் மலை
9 பிப்ரவரி

விஜ்தான் பொண்ணுக்கு,

உன் சீரகம் வந்து சேர்ந்துச்சு. ஹமூத் அதுல பாதியைக் குறைச்சுட்டான்னு நினைக்கிறேன், போகட்டும். கடுதாசியை அடுப்புல போடச் சொன்னே. போட்டேன். போடறதுக்கு முன்னாடி நாலு தடவை படிச்சேன்.

உன்னை மாதிரி எனக்கு அழகா எழுத வராது. ஆறாம் வகுப்போட என் படிப்பு முடிஞ்சுது. பேசுற மாதிரியே எழுதறேன், நீ திருத்தாதே.

கேட்டியே, வேற வகையில வரமுடியுமான்னு. எப்படி வரது? காலை ஊனி நடந்தா? அன்னிக்கு ராத்திரி உங்க அண்ணன் என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டாரா? "இல்ஹாம், இது என்ன?"ன்னு ஒரே ஒரு வார்த்தை? கேட்டிருந்தா எனக்கே தெரியாதுன்னு சொல்லியிருப்பேன், ரெண்டு பேரும் உட்கார்ந்து யோசிச்சிருப்போம். அவர் என்னைக் கேட்கலை. என் போனைக் கேட்டார். விடியவிடிய ஒவ்வொரு படமா, ஒவ்வொரு பேரா தள்ளித் தள்ளிப் பார்த்தார். நான் பக்கத்துல படுத்திருக்கேன், முழிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். அதுல ஒண்ணும் இல்லைன்னதும் கோபம் இன்னும் ஏறிடுச்சு. ஒண்ணும் இல்லாட்டி நான் கெட்டிக்காரின்னு அர்த்தமாம்.

இங்க எப்படி இருக்கேன்னு நீ கேட்கவே இல்லையே. நானே சொல்றேன். காலையில ஆடு, மதியம் ரொட்டி, சாயங்காலம் ஊர்ப் பொம்பளைங்க. காதோரம் துளசி செருகிக்கிட்டு வந்து உட்கார்ந்து, "என்னடி, உன் குரலுக்கு அவ்வளவு கிராக்கியாமே"ன்னு கேட்பாங்க. நானும் சிரிப்பேன். அவங்க போனதும் மாடிக்குப் போயிடுவேன். அங்கேருந்து ஹவ்பான் முழுக்கத் தெரியும். காலையில ஒரு சோலார் தகடு கண்ணைக் கூசுற மாதிரி மின்னுது. அது நம்ம வீடுதான்னு நானா முடிவு பண்ணிக்கிட்டேன். மேகமா இருந்தா அன்னிக்கு அதுவும் இல்லை.

பாட்டு நின்னுபோச்சு எனக்கு. ரொட்டி தட்டறப்போ வாய் தானா முணுமுணுக்கும் பாரு, அதுகூட இல்லை.

நஷ்வானைப் பத்தி எழுதினியே. நானும் முதல்ல அவனைத்தான் நினைச்சேன், அல்லாஹ் மன்னிக்கணும். எங்க வாப்பாகிட்ட அப்படித்தான் சொல்லிட்டேன். எங்களைப் பார்க்க வந்த அவன் உம்மாகிட்ட, எங்க மாமிகிட்ட, வாப்பா "இனி எங்க வீட்டு வாசப்படி மிதிக்காதே"ன்னு சொல்லிட்டார். பாவம், அந்தம்மா வெயில்ல அழுதுக்கிட்டே இறங்கிப் போச்சு.

அப்புறம்தான் மாடியில உட்கார்ந்து யோசிச்சேன். உங்க அண்ணன் வார்த்தையை மட்டும்தான் கேட்டார். நான் சத்தத்தைக் கேட்டேன். அது நல்ல ஆம்ப்ளிஃபயர் ஆச்சே, ஒண்ணையும் மறைக்காதே! பாட்டுக்குப் பின்னாடி அம்மிச் சத்தம் இருந்துச்சு. நடுவுல ஒரு இருமல். மிளகாய்க் காரம் தொண்டையில ஏறி நான் இருமினேன் பாரு, அது. அந்த இருமல் ஒரே ஒரு நாள்தான் வந்துச்சு.

அன்னிக்கு அடுப்படியில யார் யார் இருந்தோம்? நான் இருந்தேன். நீ இருந்தே. பூனை இருந்துச்சு.

பூனைகிட்ட போன் இல்லை, விஜ்தான்.

இல்ஹாம்

•

ஹவ்பான்
13 பிப்ரவரி, புதன் இரவு

அண்ணி,

நான்தான்.

எழுதிவிட்டேன். இதை அடிக்க மாட்டேன்.

உங்கள் பழைய போன், திரை உடைந்ததென்று தூக்கிப் போடச் சொன்னீர்களே, அதை நான் போடவில்லை. மாவு டப்பாவுக்குள் வைத்திருக்கிறேன். சிம் கிடையாது. யாரிடமும் பேசியதில்லை, சத்தியமாக. பாட்டு கேட்க மட்டும்தான்.

நாம் இரண்டு பேரும் அந்த ஆம்ப்ளிஃபயரைப் பூட்டிய நாள் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். வாப்பா ஜித்தாவிலிருந்து கொண்டுவந்த பெரிய ஸ்பீக்கர் பெட்டிகள் அவர் இறந்த பிறகு நான்கு வருடம் துணி மூடிக் கிடந்தன. பழைய ஆம்ப்ளிஃபயரைப் போட்டால் சோலார் பேட்டரி ஒரு மணி நேரத்தில் செத்துவிடும், உம்மா இருட்டில் திட்டுவார். சந்தையில் அந்த ஆம்ப்ளிஃபயர் பலகையைப் பார்த்ததும் நான் உங்கள் கையைக் கிள்ளினேன். உள்ளங்கை அளவு. அண்ணன் இரண்டு நாளில் மெல்லும் காத் விலைகூட இல்லை. "இந்தப் பிஸ்கட்டா அந்தப் பெட்டியைப் பேச வைக்கப் போகுது?" என்று கடைக்காரர் முன்னாலேயே சிரித்தீர்கள்.

முதலில் இன்வெர்ட்டரில் மாட்டியபோது ஈ மொய்ப்பதுபோல ஓர் இரைச்சல். பலகை மட்டம் என்று நினைத்தோம். பேட்டரியிலேயே நேராகக் கொடுத்ததும் இரைச்சல் சுத்தமாக அடங்கியது, குற்றம் பலகைமேல் இல்லை. ஸ்குரூடிரைவரைக் கேஸ் அடுப்பில் பழுக்க வைத்து நான் ஈயம் வைத்தேன், நீங்கள் விளக்கு பிடித்தீர்கள். அப்போதும் ஏதோ சரியில்லை. "பாடுறவ எனக்குப் பின்னாடி நின்னு பாடுறாடி" என்றீர்கள். ஒரு பெட்டிக்குக் கம்பியை நான் தலைகீழாக மாட்டியிருந்தேன். மாற்றி மாட்டியதும் குரல் இரண்டு பெட்டிக்கும் நடுவில், சுவரோரம், ஒரு ஆள் உயரத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. நீங்கள் எழுந்து அந்த இடத்தில் கையை நீட்டிப் பார்த்தீர்கள்.

அன்றைக்கே எனக்கு ஓர் ஆசை வந்துவிட்டது. உங்கள் குரல் அந்த இடத்தில் உட்கார்ந்தால் எப்படி இருக்கும்?

அதனால்தான் நீங்கள் அம்மியில் அரைத்துக்கொண்டே பாடியபோது போனை மாவு டப்பாவுக்கு மேல் வைத்தேன். உங்களைக் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாமென்று சொல்லியிருப்பீர்கள். அடுத்த நாள் அண்ணன் சாமான் வாங்கப் போன அரை மணி நேரத்தில் ஒருமுறை போட்டுக் கேட்டேன். அழுதுவிட்டேன். அவ்வளவுதான். பிறகு அண்ணன் ஆம்ப்ளிஃபயரை ஆண்கள் அறைக்குத் தூக்கிக்கொண்டு போய், "நானே செஞ்சேன்" என்று நண்பர்களிடம் பெருமையடித்தார். நாம் சுவருக்கு இந்தப் பக்கம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோமே.

அந்தப் பலகைக்குப் பூட்டு இல்லை, அண்ணி. புளூடூத்தில் எண் எதுவும் கேட்காது. ஒருமுறை சேர்ந்த போன் பக்கத்தில் இருந்தால் தானாகப் பிடித்துக்கொள்ளும். எனக்கு அது தெரியும். சுவரைத் தாண்டிப் பிடிக்கும் என்று தோன்றவில்லை. வெள்ளிக்கிழமை நான் அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டு, போனைத் தலைத்துணிக்குள் காதோரம் செருகி, உங்கள் பாட்டை மெதுவாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் அண்ணனின் போனில் சார்ஜ் தீர்ந்துபோயிருக்கிறது. அவர் போன் விட்டதும் பலகை என் போனைப் பிடித்துவிட்டது. என் காதில் சத்தம் நின்றது. போன் கெட்டுவிட்டதோ என்று தட்டிப் பார்த்தேன். தட்டிக்கொண்டிருக்கும்போதே சுவருக்கு அப்பால் நீங்கள் பாடுவது கேட்டது.

அது எவ்வளவு அழகாக இருந்தது என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. அந்த நினைப்பில் நாலைந்து வினாடி போயிற்று, பிறகுதான் பாட்டை நிறுத்தினேன். அதற்காகத்தான் என்னை நானே மன்னிக்க முடியவில்லை.

அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். அண்ணன் தேநீர்க் குடுவையைச் சுவரில் அடித்து உடைத்தார். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். மறுநாளே நீங்கள் கறுப்பு அங்கியைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றீர்கள். என் தலையைத் தடவி, "பரீட்சைக்குப் படி" என்றீர்கள்.

இன்று நான்காவது ஆள் வந்துவிட்டுப் போனார். ஒன்றும் வரவில்லை. வராது. போனை அணைத்துப் பேட்டரியையும் கழற்றி வைத்திருக்கிறேன். ஆனால் ஐந்து பேரிடம் இல்லாவிட்டால் ஆறாவது ஆளிடம் இருப்பதாகத்தானே அண்ணன் எடுத்துக்கொள்வார்? பாட்டு வராவிட்டாலும் நஷ்வான் தப்ப முடியாது.

ஒரு வழி யோசித்தேன். அண்ணன் தனியாக இருக்கும்போது ஆம்ப்ளிஃபயர் ஓடினால், நான் அடுப்படியிலிருந்து அதே பாட்டைப் போடுகிறேன். அறையில் வேறு யாரும் இல்லை, நஷ்வான் இல்லை என்று அவருக்கே புரிந்துவிடும். செய்யட்டுமா? சொல்லுங்கள்.

விஜ்தான்

•

ஸப்ர்
17 பிப்ரவரி

படிச்சேன்.

எங்க மாமி அழுதுக்கிட்டே மலை இறங்கினது உன்னால. என் குரலை ஆறு ஆம்பிளைங்க கேட்டது உன்னால. நான் உன்னை என் தங்கைன்னு நினைச்சேன்.

இதுக்கு மேல எழுதினா கெட்ட வார்த்தைதான் வரும்.

•

ஸப்ர்
19 பிப்ரவரி

விஜ்தான்,

ரெண்டு நாள் முன்னாடி ஒண்ணு எழுதினேன், அதை ஹமூத்கிட்டக் கொடுத்துட்டேன். திரும்பக் கேட்டா அவன் சிரிப்பான். நீ அதை முதல்ல படிச்சிருப்பே. அதுவும் நிஜந்தான், இதுவும் நிஜந்தான். ரெண்டையும் வெச்சுக்கோ.

மாமிகிட்ட நேத்து நானே போனேன். மலை இறங்கி ஏறி முழங்கால் விட்டுப்போச்சு. "என் வாய்தான் தப்பு பண்ணிச்சு, உன் மகன் இல்லை"ன்னு சொன்னேன். யாருன்னு அந்தம்மா கேட்டாங்க. சொல்லலை. காபித்தொலி போட்டுக் கஷாயம் கொடுத்தாங்க, குடிச்சுட்டு வந்தேன். உன் பேரை இந்த மலையில யாருக்கும் சொல்ல மாட்டேன்.

இப்போ நீ கேட்டதுக்கு வரேன். பாட்டைப் போடாதே. கேட்டியா? போடவே போடாதே. ஒரு தடவை என்னைக் கேட்காம என் குரலை எடுத்துட்டே. இன்னொரு தடவை என்னைக் கேட்காம அது அந்த அறைக்குள்ள போயிடுச்சு. கேட்டுட்டுப் போடறேன்னு இப்போ வரே. நான் வேண்டாங்கறேன். நஷ்வானுக்காக வேண்டாம், எனக்காகவும் வேண்டாம். இனிமே அந்த அறையில ஒலிக்கறது யார் குரலா இருந்தாலும் என் குரலா இருக்கக் கூடாது. அதை அழிச்சுடு.

உன் குரல் எங்க போச்சு? உனக்கு இருக்குல்ல ஒண்ணு?

நீ சொன்னா உன் படிப்பு நிக்கலாம்னு தெரியும். சொல்லாட்டி நஷ்வானுக்கு என்ன ஆகும்னும் தெரியும். சொல்லு, சொல்லாதேன்னு நான் சொல்ல மாட்டேன். உனக்குப் பதினஞ்சு வயசு. எனக்கு அந்த வயசுல கல்யாணம் பேசினாங்க, யாரும் என்னை எதுவும் கேட்கலை. நான் உன்னைக் கேட்கறேன்: நீ என்ன செய்யப் போறே?

இன்னொண்ணு. இதை நீ தெரிஞ்சுக்கணும். நீ சொல்லிட்டா மறுநாளே நான் கிளம்பி வந்துடுவேன்னு கணக்குப் போடாதே. உண்மை தெரிஞ்சா உங்க அண்ணன் வருவார், கிடாய் கொண்டு வருவார், வாப்பா முன்னாடி தலை குனிவார். அதெல்லாம் சரி. ஆனா அன்னிக்கு ராத்திரி பக்கத்துல முழிச்சுக்கிட்டுப் படுத்திருந்தவளை விட்டுட்டுப் போனைக் கேட்டாரே, அது உன்னால இல்லை. அதை நீ சரிபண்ண முடியாது. அந்தப் பாரத்தை நீ தூக்காதே.

உன் ஞாபகம் வருது. கோபமாத்தான் வருது. ஆனா வருது.

இல்ஹாம்

•

ஹவ்பான்
26 பிப்ரவரி, செவ்வாய் இரவு

அண்ணி,

உங்கள் இரண்டு கடிதமும் ஒரே பொட்டலத்தில் வந்தன. தேதி பார்க்காமல் இரண்டாவதை முதலில் பிரித்துவிட்டேன். அதனால் முதலாவதைப் படிக்கத் தெம்பு இருந்தது.

பாட்டை அழித்துவிட்டேன். அழிப்பதற்கு முன்னால் ஒருமுறை கேட்கலாமா என்று விரல் தவித்தது. கேட்கவில்லை. இந்த வீட்டில் உங்கள் குரல் இனி எங்கேயும் இல்லை. அடுப்படியில் நிற்கவே பயமாக இருக்கிறது, அவ்வளவு அமைதி.

நாளைக்கு நஷ்வான் வருகிறார். இன்று காலையில் அண்ணன் துப்பாக்கியை எண்ணெய் போட்டுத் துடைத்தார். உம்மா பார்த்தும் பாராததுபோல அரிசி புடைத்தார். புடைத்த அரிசியையே மறுபடியும் புடைத்தார்.

மூன்று நாளாக அவர் முன்னால் போய் நின்றேன். ஒவ்வொரு முறையும் "என்ன?" என்பார். "தேநீர் வேணுமாண்ணே?" என்று கேட்டுவிடுவேன். அவருக்கு மூன்று நாளாக நிறையத் தேநீர் கிடைத்தது. முகத்தைப் பார்த்தால் எனக்குக் குரல் வருவதில்லை, அண்ணி. அதனால் முகத்தைப் பார்க்காமல் பேசினேன். நேற்று மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து என் குரலைப் பதிவு செய்தேன். பதினொரு தடவை. பத்துத் தடவையும் நடுவில் அழுகை வந்துவிட்டது. பதினொன்றாவதிலும் வந்தது, ஆனால் முடித்துவிட்டேன்.

இன்று அந்திக்குப் பிறகு உம்மா பக்கத்து வீட்டுக்குப் போயிருந்தார். அண்ணன் நாளைக்காகப் பலகையைப் போட்டுச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். அறையில் வேறு யாருமில்லை. கதவிடுக்கில் பார்த்தேன். நீல விளக்கு மின்னிக்கொண்டிருந்தது. அவர் அதன் எதிரில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உங்கள் தலையணை உறை அவர் மடியில் கிடந்தது. இதை எழுதுவது சரியா என்று தெரியவில்லை. நீங்கள் இரங்க வேண்டும் என்று எழுதவில்லை. பார்த்தேன், அதனால் எழுதுகிறேன்.

அடுப்படிக்குப் போய் போனை உயிர்ப்பித்தேன். விளக்கு மின்னுவது நின்று நிலையாகிவிட்டதை அவர் பார்த்திருப்பார். பிறகு நான் அழுத்தினேன்.

"அண்ணே, நான் விஜ்தான். இந்த அறையில உங்களைத் தவிர யாரும் இல்லை, பார்த்துக்கோங்க. அன்னிக்கும் யார் போன்லேருந்தும் வரலை. அண்ணி பாடினதை அவங்களுக்குத் தெரியாம நான்தான் பதிவு பண்ணேன். அடுப்படியில நான் கேட்டுக்கிட்டிருந்தப்போ உங்க போன் அணைஞ்சு இது என் போனைப் பிடிச்சுக்கிச்சு. நஷ்வான் இல்லை. அந்த ஆறு பேர்ல யாரும் இல்லை. அண்ணிக்கு இது எதுவும் தெரியாது. பாட்டை அழிச்சுட்டேன். நான் அன்னிக்கே சொல்லியிருக்கணும். பயமா இருந்துச்சு. இப்பவும் பயமா இருக்கு. அண்ணே, நீங்க அவங்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அவங்க முழிச்சுக்கிட்டுத்தான் இருந்தாங்க."

கடைசி இரண்டு வரியை நான் எழுதி வைத்திருக்கவில்லை. தானாக வந்தது. உங்கள் கடிதத்திலிருந்து எடுத்ததற்கு மன்னியுங்கள். இதையும் உங்களைக் கேட்காமல்தான் செய்தேன்.

சுவருக்கு இந்தப் பக்கம் நின்று என் குரலை நானே கேட்டேன். இவ்வளவு தெளிவாக இருக்கும் என்று நினைக்கவில்லை. எச்சில் விழுங்கியதுகூடக் கேட்டது. கீழே தெருவில் யாரோ தண்ணீர் லாரிக்கு விசிலடித்தது, என் மூச்சு நடுங்கியது, எதையும் அந்தப் பலகை விடவில்லை. நான் அந்த அறையின் நடுவில், அண்ணனுக்கு நேர் எதிரே, என் உயரத்தில் நின்று பேசுவதுபோல இருந்திருக்கும்.

முடிந்ததும் சுவருக்கு அப்பால் அண்ணன், ஸ்பீக்கரிடமே பேசுவதுபோல, கேட்டார்:

"எங்கேருந்து பேசுறே?"

என் அறைக்கு ஓடிவந்து, கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. உம்மா திரும்பி வந்துவிட்டார். ஆண்கள் அறையில் பேச்சுக் குரல் கேட்டது, முதலில் அண்ணன், பிறகு உம்மா, பிறகு வெகுநேரம் உம்மா மட்டும். இப்போது அதுவும் இல்லை.

நாளைக்குப் பள்ளிக்கூடம் உண்டா இல்லையா தெரியவில்லை. நஷ்வானுக்கு ஒன்றும் ஆகாது, அது ஒன்றுதான் நிச்சயம். நீங்கள் வருவீர்களா என்று இனி நான் கேட்க மாட்டேன். அண்ணன் கேட்க வேண்டியது அது. ஆனால் நீங்கள் வராவிட்டாலும் எனக்கு எழுதுங்கள், கோபமாகவாவது. இந்த வீட்டில் என்னோடு பேச

கூடத்தில் காலடிச் சத்தம். இந்தப் பக்கம்தான் வருகிறது. உம்மாவுடையது இல்லை.

கதவுக்கு வெளியே நின்றுவிட்டது.

தட்டுகிறார்கள், அண்ணி. உம்மா தட்ட மாட்டார், பேர் சொல்லிக் கூப்பிடுவார். அண்ணன் இந்த வீட்டில் எந்தக் கதவையும் தட்டியதே இல்லை, தள்ளிக்கொண்டுதான் வருவார். தாழ்ப்பாள்கூட நான் போடவில்லை. தள்ளினால் திறந்துவிடும். தள்ளவில்லை. மறுபடியும் தட்டு